துவரம்பருப்பின் மேல் ராஜத்துரோக வழக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மகிழம்பாடி நாட்டை விசித்திரகேசரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. ஒருமுறை மழையில் நனைந்த கோபத்தில் மேகத்தின் மேல் படையெடுக்கச் சொன்னார். சேனாதிபதியும் மூன்று நாள் வானத்தைப் பார்த்து ஈட்டி எறிந்துவிட்டு, "எதிரி ஓடிவிட்டான்" என்று சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டார்.

கோட்டைக்குள் இடம் போதாமல் வெளியே மேட்டுப்புதூர் என்று ஒரு புதுக் குடியிருப்பு எழும்பியது. கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர். மேட்டுப்புதூருக்கோ, "ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டப் பத்து வருஷம் ஆகும்" என்று கையை விரித்துவிட்டார் நீர் அதிகாரி கனகசபேசர். பக்கத்துப் பாறையில் ஒரு கிணறு தோண்டி, வீட்டுக்கு வீடு சிங்கமுகக் குழாய் வைத்தார். சிங்கம் ஜோராக இருந்தது, அதன் வாயிலிருந்து வந்த தண்ணீர்தான் சகிக்கவில்லை. அண்டாவின் அடியில் சுண்ணாம்பு படிந்தது. சீயக்காய் தேய்த்துக் குளித்தவர்களின் தலைமயிர் தேங்காய் நாராக நின்றது. முறையிடப் போனவர்களிடம், "உப்பு இலவசமாக வருகிறதே, சந்தோஷப்படுங்கள்" என்றார் கனகசபேசர்.

அந்த ஊர்க்காரிதான் பேச்சியம்மாள், விசேஷ வீட்டுச் சமையற்காரி. ராஜாவின் பிறந்தநாளுக்கு அரண்மனையில் அவள் வைத்த சாம்பாரைச் சாப்பிட்ட ராஜா, "அடுத்த மாதத்திலிருந்து இவள்தான் தலைமைச் சமையல்" என்று சொல்லிவிட்டார். அதுவரை அந்த வேலையில் இருந்தது கனகசபேசரின் மைத்துனர். அன்றிலிருந்து கனகசபேசருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

அடுத்த வாரம் மேட்டுப்புதூர் கோயில் விருந்துக்கு ராஜா வந்தார். பேச்சி விடியற்காலையிலிருந்து விறகைத் தள்ளியும் பருப்பு வேகவில்லை. ராஜா ஒரு கவளம் வாயில் வைத்தார். கடக்கென்று சத்தம். முன்பல் போய்விட்டது.

மறுநாள் சபையில் பேச்சியை ஒரு பக்கமும், சங்கிலியால் கட்டிய பருப்பு மூட்டையை மறுபக்கமும் நிறுத்தினார்கள்.

"மகாராஜா, என் கையில குத்தமில்ல. எங்க ஊருத் தண்ணி அப்படி" என்றாள் பேச்சி.

"தண்ணீரை நான் நான்கு முறை சோதித்தேன் அரசே" என்றார் கனகசபேசர்.

"குடித்தீரா?" என்று கேட்டார் ராஜா.

"உற்றுப் பார்த்தேன் அரசே. தெளிவாக இருந்தது. இந்தப் பருப்புக்குத்தான் திமிர். இவளுக்கோ அதை அடக்கத் தெரியவில்லை. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நாடு கடத்துங்கள்."

அந்தக் கரண்டிதான் பேச்சிக்குச் சோறு போடுகிறது. "அதே பருப்பை இங்க ஒரு தடவ வேகவெச்சுக் காட்டுறேன் மகாராஜா" என்று கெஞ்சினாள்.

சபை நடுவில் அடுப்பு மூட்டினார்கள். கோட்டைத் தண்ணீரில் பருப்பு கொஞ்ச நேரத்திலேயே மலர்ந்து குழைந்தது. பேச்சி நிம்மதியாக நிமிர்வதற்குள் கனகசபேசர் முந்திக்கொண்டார்.

"பார்த்தீர்களா அரசே? தங்கள் திருமுகத்தைக் கண்டதும் நடுங்கி வெந்துவிட்டது."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டார். இனி தண்ணீரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேச்சிக்குப் புரிந்தது. உள்ளுக்குள் பற்றி எரிந்தாலும் கும்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அதிகாரி ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. அப்போ மகாராஜாவே எங்க ஊருக்கு எழுந்தருளி, அடுப்புக்கு முன்னால உக்காந்துட்டா அங்கயும் வெந்துரும். வேகட்டும், நானே நாட்ட விட்டுப் போயிடறேன்."

மறுநாள் காலை மேட்டுப்புதூரில் சிங்கக் குழாயடியில் சிம்மாசனம் போட்டார்கள். அதே மூட்டைப் பருப்பு, அதே பானை. ராஜா பானையை முறைத்தார். ஒரு நாழிகை ஆயிற்று. அடையாளம் தெரியவில்லையோ என்று மகுடத்தைச் சரிசெய்துகொண்டார். வாளை உருவினார். பட்டத்து யானையை வரவழைத்துப் பானைக்குப் பக்கத்தில் பிளிற வைத்தார். முரசு கொட்டினார்கள். பருப்பு துள்ளித் துள்ளிக் குதித்தது, வேகவில்லை. உச்சிவெயில் ஏறியது. ராஜாவின் வயிறு முரசை விடச் சத்தமாக முழங்கியது.

பேச்சி ஒரு பருப்பை எடுத்துக் கல்லில் போட்டாள். டிங் என்று தெறித்தது.

"அதிகாரி ஐயா, தண்ணி சரியில்லைன்னு சொல்லுங்க. இல்லைன்னா, இங்க பருப்புகூட நம்ம மகாராஜாவுக்குப் பயப்படலைன்னு சொல்லுங்க. எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

ராஜா உருவிய வாளோடு மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

கனகசபேசர் இரண்டடி பின்வாங்கினார். "தண்ணீர்... கொஞ்சம் சரியில்லைதான் அரசே."

பருப்பைக் குற்றமற்றது என்று சொல்லி, சங்கிலியை அவிழ்த்து, யானை மேல் ஊர்வலம் விட்டார் ராஜா. பேச்சியின் கரண்டிக்குத் தங்கப்பூண் போடச் சொல்லி, அன்றே தலைமைச் சமையற்காரி ஆக்கினார். கனகசபேசருக்கு ஒரே ஒரு உத்தரவு: வாய்க்கால் வந்துசேரும்வரை குடும்பத்தோடு மேட்டுப்புதூரில் குடியிருந்து, அந்தத் தண்ணீரிலேயே குளித்து, அதில் வேகவைத்த பருப்பையே சாப்பிட வேண்டும்.

பத்து வருஷம் ஆகும் என்ற வாய்க்கால் பதினெட்டாம் நாள் வந்துவிட்டது. கடைசி மூன்று நாள் கனகசபேசரே மண்வெட்டியோடு இறங்கிவிட்டாராம்.