பசித்தோர் குரல் சபையும் சருகுமான் நொச்சியும்

நொச்சி என்ற சருகுமானுக்கு மடியில் பால் வற்றிப்போயிருந்தது. காலையில் அவளுடைய குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. கால்கள் நடுங்கின. மறுபடி சருகிலேயே படுத்துக்கொண்டது.

கீழ்க்காட்டில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். குளம் காய்ந்து, புல் கருகி, அத்திமரங்கள் பழுக்க மறந்துபோயின. காரணமும் எல்லோருக்கும் தெரியும். முன்பொரு பெருமழையில் சரிவிலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து ஓடையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் மேல்காட்டில் மடுவாகத் தேங்கி, மிஞ்சியது மறுபக்கப் பள்ளத்தில் வழிந்துபோனது. நொச்சியும் முயல்களும் சேர்ந்து முட்டிப் பார்த்தார்கள். பாறை அசையவில்லை. நெற்றிதான் வீங்கியது.

மேல்காட்டில் குறையொன்றும் இல்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. வருடந்தோறும் வேங்கை பூக்கும்போது அவர்களுக்குத் திருவிழா. அன்று ஆளுக்கு ஒரு பங்கு, பசித்தவர்களுக்கென்று எடுத்துவைப்பார்கள். முன்பெல்லாம் அதைச் சரிவில் உருட்டிவிடுவார்கள். கீழ்க்காடு ஒருநாள் வயிறாரச் சாப்பிடும்.

ஒரு வருடம் கொக்கார் எழுந்து ஒற்றைக்காலில் நின்றார். "இன்று பழம் கொடுத்தால் நாளைக்கும் பசிக்குமே! பழத்தைக் கொடுக்காதீர்கள், குரல் கொடுங்கள்! நம்மில் ஒருவர் யானைத் தலைவியிடம் போய்ப் பேசட்டும். பசியை வேரோடு பிடுங்குவோம்!"

நல்ல யோசனைதான். உண்மையிலேயே நல்ல யோசனை. எல்லோரும் கைதட்டினார்கள். இப்படித்தான் 'பசித்தோர் குரல் சபை' பிறந்தது. கொக்கார் அதன் செயலாளர். பேசுவதற்கு மைனா கானமணியார்.

பசித்தவர்களே போய்ப் பேசினால் என்ன என்று கேட்கலாம். அதற்கு வழியில்லை. யானைத் தலைவியின் சபையில் காலி வயிற்றோடு யாரும் வாய் திறக்கக்கூடாது. வயிறு இரைந்தால் அவமரியாதை. ஆகவே பசியைப் பற்றிப் பேசுவதற்குப் பசியில்லாத ஒருவர் தேவைப்பட்டார். அவரைப் பசிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் திருவிழாக் கொடை முழுவதும் செலவானது.

இந்த வருடத் திருவிழாவன்று காலையில் கொக்கார் நொச்சியின் புதருக்கே வந்துவிட்டார்.

"நொச்சியம்மா! நல்லவேளை, இன்னும் மெலிந்துதான் இருக்கிறாய்!"

"வேறு எப்படி இருப்பேன், ஐயா?"

"இந்தத் தடவை பசித்த உயிர் ஒன்றை நேரிலேயே காட்டப்போகிறோம். நீ வந்து நின்றால் போதும். பேச வேண்டாம். காதை மட்டும் கொஞ்சம் தொங்கவிட்டுக்கொள்."

"வந்தால் என் குட்டிக்கு ஏதாவது கிடைக்குமா, ஐயா?"

"குட்டிக்கு மட்டுமா? கீழ்க்காட்டுக்கே விடிவுகாலம்!"

நொச்சி குட்டியைப் பக்கத்துப் புதர் முயலிடம் விட்டாள். அதன் மூக்கைத் தன் மூக்கால் ஒருமுறை தொட்டாள். பிறகு மலையேறினாள்.

வேங்கை மரத்தடியில் கொடை குவிந்திருந்தது. அத்திப்பழம், பலாச்சுளை, தேனடை, மூங்கிலரிசி. வாசனை நொச்சியைக் குவியலருகே இழுத்தது.

"ஐயா, ஒரே ஒரு அத்திப்பழம்..."

"ஐயையோ! வாயில் வைத்துவிடாதே!" கொக்கார் சிறகை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "வயிறு துளி உப்பினாலும் யார் நம்புவார்கள்? இவ்வளவு ஏற்பாடும் பாழாகிவிடுமே!"

"நான் சாப்பிடவில்லை. குட்டிக்கு எடுத்துப்போகிறேன்."

"முதலில் பேச்சு நடக்கட்டும். மீதி இருந்தால் பார்ப்போம்."

மீதி இருக்குமென்று தோன்றவில்லை. குவியலின் மேல் உட்கார்ந்து கானமணியார் பேச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "தொண்டைக்குத் தேன். குரலுக்கு அத்தி. மூச்சுக்குப் பலாச்சுளை."

"மூங்கிலரிசி எதற்கு, ஐயா?" என்று நொச்சி கேட்டாள்.

"அது துக்கத்துக்கு அம்மா! மனம் உருகிப் பேசினால் உள்ளே எரியும். உனக்கு அதெல்லாம் புரியாது."

அந்த வழியே வந்த கரடி நொச்சியைச் சுற்றிவந்து பார்த்தது. "அடடா, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறதே! நல்ல ஏற்பாடு! இந்த வருடம் நான் முழுத் தேனடையே கொடுத்தேன். இதைப் பார்த்தால் கொடுத்தது வீண் இல்லை!"

பொழுது உச்சிக்கு வந்ததும் யானைத் தலைவி பெரியநாயகி வந்து நின்றாள். காடே அமைதியானது. நொச்சியை ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். கானமணியார் இறகைக் கோதிவிட்டுத் தொடங்கினார்.

எப்படிப் பேசினார்! பசியை நெருப்பென்றார், பாம்பென்றார், விடியாத இரவென்றார். காய்ந்த குளத்தை, இமை மூட மறந்த கண் என்றார். கரடி மூக்கை உறிஞ்சியது. குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். போன வேங்கைப் பூவோடு உதிர்ந்துபோன ஒரு பிஞ்சைப் பற்றிப் பாடினார். தாயின் மடி தேடி, மடி வற்றி, மண்ணையே மடியென்று நினைத்துத் தூங்கிப்போன பிஞ்சு.

அது தன் மூத்த குட்டி என்று நொச்சிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இவ்வளவு அழகாக அது சாகவில்லை. சபை முழுவதும் அழுதது. அவள் ஒருத்தி மட்டும் அழவில்லை. கீழே கிடக்கும் இளையதற்கு இந்நேரம் மூச்சு இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

"அற்புதம்!" என்றாள் பெரியநாயகி, துதிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்று எனக்குச் சாப்பாடே இறங்காது!" ஒரு தார் மலைவாழைப்பழத்தைக் கானமணியாருக்குப் பரிசாகக் கொடுத்தாள். சபை கலையும் நேரம். எல்லோரும் எழுந்தார்கள்.

அப்போது ஓர் உறுமல் கேட்டது.

"புலி!" குரங்குகள் கிளைக்குத் தாவின. கரடி ஒரு முயலுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது.

"யார் உறுமியது?" என்றாள் பெரியநாயகி.

"புலி இல்லை, பெரியம்மா," என்றாள் நொச்சி. "என் வயிறு."

"காலி வயிறு! சபை மரியாதை!" என்று கொக்கார் பதறினார். "மன்னிக்க வேண்டும் தாயே, இவளை இப்போதே வெளியே..."

"சும்மா இருங்கள்!" பெரியநாயகி நொச்சியை உற்றுப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் யாருடைய பசியைப் பற்றிப் பேசினார்கள்?"

"என்னுடையதைப் பற்றித்தான், பெரியம்மா."

"அப்படியானால் நீயே சொல். உனக்கு என்ன வேண்டும்?"

நொச்சிக்கு அழகான சொல் எதுவும் வாய்க்கு வரவில்லை. "ஓடையின் குறுக்கே ஒரு பாறை கிடக்கிறது. அதைத் தள்ளிவிட வேண்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெரியநாயகி மெல்லத் திரும்பினாள். "கானமணி! வருடா வருடம் வந்து என்னை அழவைக்கிறாயே. ஒரு தடவையாவது பாறை என்று சொன்னாயா?"

"சொல்லத்தான் பார்த்தேன், தாயே," என்றார் கானமணியார். "பாறை என்கிற சொல் அந்தப் பாட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கரடுமுரடாக இருக்கிறது."

"மேலும்," என்று கொக்கார் முன்னால் வந்தார், "நாங்கள் கேட்டு, நீங்கள் மறுத்துவிட்டால் சபைக்கு எவ்வளவு அவமானம்! எதையும் கேட்காததால்தான் இதுவரை எங்கள் கோரிக்கை ஒன்றுகூடத் தோற்றதில்லை!" பாறைக்கு மேல்புறம் தேங்கிய மடுவில் தான் தினமும் மீன் பிடிப்பதை அவர் சொல்லவில்லை.

கரடி தலையைச் சொறிந்தது. "நாங்களும்தான் கேட்கவில்லை. பேச்சு நன்றாக இருந்ததா என்று மட்டும்தான் கேட்டோம்."

பெரியநாயகி அதற்குமேல் நிற்கவில்லை. ஓடைக்கு நடந்தாள். முதுகு சொறிவதுபோலப் பாறையில் சாய்ந்தாள். பாறை முனகியது, சாய்ந்தது, உருண்டது. தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாய்ந்தது.

நொச்சி ஓடையோரமாக ஓடினாள். தண்ணீர் அவளை முந்திக்கொண்டு போனது. வீடு வந்து சேர்ந்தபோது, எழ முடியாத குட்டி கரைவரை ஊர்ந்துபோய், படுத்தபடியே ஈரத்தில் வாயை வைத்திருந்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நொச்சிக்கு அழுகை வந்தது.

தண்ணீர் வந்தது. தளிர் வந்தது. மடியில் பால் வந்தது. மூத்த குட்டிதான் வரவில்லை.

வேங்கை மறுபடி பூத்தது. கொக்கார் வந்தார். நொச்சியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"அடடா, பெருத்துவிட்டாயே! இனி உன்னைச் சபையில் காட்ட முடியாதே!"

"வேறு யாரைக் காட்டப்போகிறீர்கள், ஐயா?"

"கிழக்கு மலையில் ஒரு முள்ளம்பன்றி இருக்கிறாள். என்ன மெலிவு, என்ன மெலிவு! கானமணியார் பாட்டை முடித்தேவிட்டார். இந்தத் தடவை அதில் பாறைகூட வருகிறது!"

"அங்கேயும் பாறையா விழுந்திருக்கிறது?"

"அங்கே என்ன விழுந்தது என்று யாருக்கு அம்மா தெரியும்? போன தடவை பாறைக்குத்தானே நல்ல பெயர் கிடைத்தது!"

நொச்சி குட்டியைத் தளிரில் மேயவிட்டாள். தன் பங்குக்கு ஓர் அத்திக்கிளையைக் கவ்விக்கொண்டு, கொக்கார் சிறகு விரிப்பதற்குள் கிழக்கு மலையில் ஏறத் தொடங்கினாள். என்ன வேண்டும் என்று முதலில் அந்த முள்ளம்பன்றியிடம் கேட்க வேண்டும்.

பசித்தவருக்காகப் பேசுகிறவருக்குக் கொடுப்பது நல்ல தருமம்தான். ஆனால் என்ன கேட்டாய் என்று விசாரிக்காமல் கொடுத்தால், பேசுகிறவரின் பசிதான் தீரும்.