கைதட்டல் வாங்கிய திருட்டு

மலையடிக் காட்டில் அரசாங்கக் கிடங்கு ஒன்று இருந்தது. ஒரே வாசல் கொண்ட குகை அது. அடைமழை பிடித்துவிட்டால், அதிலுள்ள பலாக்கொட்டையும் கிழங்கும்தான் காட்டுக்கே சாப்பாடு.

வாசலில் காவல் இருந்தது மரிக்கொழுந்து என்ற முள்ளம்பன்றி. சரியான கூச்ச சுபாவம். யாராவது அதட்டினால் அதற்குப் பேச்சு எழும்பாது, முள்தான் எழும்பும்.

வருடம் தவறாமல் அங்கே திருட்டுத் தடுப்பு ஒத்திகை நடக்கும். முயல் முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து, "நான்தான் திருடன்!" என்று கத்தும். மரிக்கொழுந்து, "பிடிச்சாச்சு!" என்று சொல்லும். எல்லாரும் கைதட்டுவார்கள். முயலுக்கும் ஒரு மாலை விழும்.

இந்த வருடம் அமைச்சர் யானையாரே வருவதாக ஏற்பாடு. பாதுகாப்பு அதிகாரி கரடிக்குக் கால் தரையில் பாவவில்லை. மரங்கொத்தியை அனுப்பி மரத்துக்கு மரம் அறிவிக்கச் சொன்னது.

"வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை! கிடங்கின் ரகசியச் சொல் 'ஊமத்தம்பூ'! விருந்தினர் வசதிக்காக அறிவிக்கிறோம்! அனைவரும் வருக!"

மரிக்கொழுந்து தயங்கித் தயங்கிக் கரடியிடம் போனது. "ஐயா, ரகசியச் சொல்லை இப்படி எல்லாருக்கும்..."

"பின்னே? அமைச்சரையே வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்பியா? போய் முள்ளைச் சீவிக்கிட்டு வா!"

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. யானையார் மேடையில் மாலையோடு உட்கார்ந்தார். அப்போது ஒரு நரியும் அதன் மச்சான்கள் இரண்டு பேரும் சாக்குகளோடு வந்தார்கள்.

"ஊமத்தம்பூ!" என்றது நரி.

இந்த வருடம் புது நடிகர்கள் போலிருக்கிறது என்று நினைத்த மரிக்கொழுந்து வழிவிட்டது.

"அக்கா, சாக்கு வாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ!"

பிடித்துக்கொண்டது.

மூட்டைகள் வெளியே வந்தன. "ஆகா! என்ன தத்ரூபம்!" என்று யானையார் காதுகளை அடித்துக் கைதட்டினார். நரி குனிந்து வணங்கியது. மூட்டைகளைப் புதருக்குள் தள்ளிவிட்டு, "இன்னும் ஒரு நடை இருக்குங்க ஐயா!" என்று மச்சான்களோடு மறுபடி உள்ளே போனது.

யாரோ மரிக்கொழுந்தின் வாலைச் சுரண்டினார்கள். முயல்!

"அக்கா, கரி சரியா இருக்கா? என்னை எப்போ கூப்பிடுவாங்க?"

மரிக்கொழுந்துக்குப் பகீரென்றது. நீ இங்கே என்றால் உள்ளே யார்?

"ஐயா! திருடன்! நிஜத் திருடன்!" என்று கத்தியது.

"பிரமாதம்! இன்னும் கொஞ்சம் சத்தமா!" என்றது கரடி.

கூட்டம் கைதட்டியது. மரிக்கொழுந்தின் மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது. இந்த மழைக்குக் காடு எதைத் தின்னும்? மேற்கொண்டு பேச்சு வரவில்லை. முள் வந்தது. அப்படியே பின்பக்கமாக நகர்ந்து, குகை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"வழி விடு அக்கா, மூட்டை கனக்குது... ஐயோ! அம்மா!"

"அழுகைகூட எவ்வளவு இயல்பு!" என்று யானையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குமேல் முயலுக்குப் பொறுக்கவில்லை. மேடையில் தாவி ஏறி, "நான்தான் திருடன்!" என்றது.

கைதட்டல் நின்றது.

"நீ திருடன்னா, உள்ளே கத்துறது யாரப்பா?" என்று கேட்டார் யானையார்.

கரடி கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தது. "அவங்க... நிகழ்ச்சி நிரல்ல இல்லைங்க ஐயா."

புதருக்குள் கிடந்த மூட்டைகள் திரும்பி வந்தன. நரியும் மச்சான்களும் மழை முடியும்வரை உடம்பில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், யானையார் சொல்லாமல் கொள்ளாமல் கிடங்குக்கு வந்தார். "நான் அமைச்சர், திற!"

"புது ரகசியச் சொல் என்னங்க ஐயா?" என்றது மரிக்கொழுந்து.

அவருக்கு மறந்துபோயிருந்தது. கொட்டும் மழையில் சொட்டச் சொட்ட நின்றபடி, அவர் மறுபடி கைதட்டினார்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நடத்துகிற பாதுகாப்பு ஒத்திகை, காவலரைவிடத் திருடருக்கே நல்ல பயிற்சி.