மயில் கத்திய கிழங்கு விளம்பரம்

குளத்தங்கரைச் சந்தையில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி கிழங்கு விற்றாள். கோபம் வந்தால் அவளுக்கு வாய் திறக்கும் முன்பே முள் எழும்பிவிடும். சொந்த நகத்தால் தோண்டி, சொந்த வாயால் பேரம் பேசி, மருத மரத்தடியில் இடம் பிடித்தவள் அவள்.

அந்தச் சந்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண்டின் முதல் மழை விழும்போது யார் கடையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறதோ, அவர் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்துக் காத்திருப்பவர் வந்து உட்காருவார். மருத மரத்தடிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது ஒரு நரி.

காடு முழுக்கச் சிலந்தி நூல் கட்டியிருந்தது. சந்தையில் நூலின் முனையில் பேசினால் ஒவ்வொரு குகை வாசலிலும் கேட்கும். கேட்டவருக்குப் பிடித்திருந்தால் நூலை ஒரு இழு இழுப்பார். எவ்வளவு இழுப்போ அவ்வளவு பெருமை!

இந்த நூலில் எப்படி விளம்பரம் செய்வது என்று ஆண்டுதோறும் நிபுணர்கள் கூடிச் சொல்வார்கள். இந்த ஆண்டும் கூடினார்கள்.

"நீளமாகப் பேசாதீர்கள்! மூன்றே சொல் போதும்!" என்றது கிளி.

"போன வருஷம் நீளமாகக் கதை சொல்லச் சொன்னதும் நீதானே?" என்றாள் சிலுப்பி.

"அது போன வருஷம்!" என்றது கிளி.

"நூல் இல்லாத மரமே இருக்கக் கூடாது. எங்கும் தெரிய வேண்டும்!" என்றது ஆந்தை.

கடைசியாகத் தலைமை நிபுணர் பச்சோந்தி எழுந்தது. போன ஆண்டு பச்சை. இந்த ஆண்டு பளிச்சென்ற சிவப்பு! "சொந்தக் குரலெல்லாம் பழைய பாணி. பிரபலங்களின் குரல்தான் இந்த ஆண்டின் போக்கு. மயிலை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்!"

சிலுப்பிக்கு அரை மனசுதான். ஆனால் சந்தையே தலையாட்டியது. நாம் மட்டும் பின்தங்கிவிட்டால் இடம் போய்விடுமே என்ற பயத்தில், நல்ல கிழங்காகப் பொறுக்கி மயிலுக்குக் கொடுத்தாள். மயில் தோகையை விரித்து நின்று நூலில் கத்தியது: "கிழங்கு! கிழங்கு! கிழங்கு!"

நூல் அதிர்ந்தது. இழுப்பு மேல் இழுப்பு! பச்சோந்தி துள்ளியது. "பார்த்தீர்களா அம்மணி! காடெங்கும் உங்கள் பேச்சுத்தான்!"

காடு பேசியது. கடைக்கு ஒரு குஞ்சுகூட வரவில்லை.

நாட்கள் போயின. மயில் தினமும் கத்தியது. நூல் தினமும் ஆடியது. கிழங்கு அப்படியே கிடந்தது. கிழக்கே கருமேகம் திரண்டது. நரி வந்து மருத மரத்தடியைக் காலால் அளந்தது.

"அக்கா, எப்போ காலி பண்றீங்க? எனக்கு நண்டு விரிக்க இடம் பத்துமான்னு பார்த்தேன்."

"டேய்! இன்னும் ஒரு அடி எடுத்து வச்சே, உன் மூக்குல முள்ளாலேயே கோலம் போட்டுடுவேன்!"

நரி பின்வாங்கியது. சிலுப்பி நேரே பச்சோந்தியிடம் போனாள். "இவ்வளவு பேர் இழுக்கறாங்களே, இதுல ஒருத்தருக்குக்கூடப் பசிக்கலையா?"

"பொறுமை அம்மணி. இன்னும் கொஞ்சம் நூல் கட்டினால் சரியாகிவிடும்."

"முதல்ல இழுக்கிறவன் மூஞ்சியைப் பார்க்கிறேன்!" என்று நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

புதருக்குள் போய்ப் பார்த்தால், நூல் நெடுக ஈக்கள்! ஒட்டிக்கொண்டு, விடுபட முடியாமல், இறக்கையை உதறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உதறலும் ஓர் இழுப்பு.

"நீங்களா என் கிழங்கை ரசிச்சவங்க?"

"கிழங்கா? நாங்க உசிருக்குப் போராடுறோம் தாயே!" என்று அழுதன ஈக்கள்.

பக்கத்துக் கிளையில் சிலந்தி நெளிந்தது. "என்னை ஏன் முறைக்கிறே? நூல் கூடினா ஈ கூடும். பாதி எனக்கு, பாதி பச்சோந்திக்கு. அப்படித்தான் பேச்சு."

சிலுப்பியின் அத்தனை முள்ளும் நட்டுக்கொண்டது. ஒரே உலுக்கு! ஈக்கள் ஒட்டியிருந்த பிசின் இழைகள் அவள் முள்ளில் அறுபட, அவை பறந்தன; பேச்சு போகும் நூல் மட்டும் அப்படியே நின்றது.

அடுத்த குகை வாசலில் கரடி, குட்டிகளை உள்ளே தள்ளிக் கல்லை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி கரடி, வருஷா வருஷம் முதல் ஆளா வருவியே, இந்த வருஷம் எங்கே போனே?"

"எப்படி அக்கா வருவேன்? தினமும் மயில் கத்துதே! என்ன கத்துதுன்னு யாருக்குப் புரியுது? மயில் கத்தினா மழைதானே? குட்டிகளோட உள்ளேயே கிடக்கோம். பட்டினி வேற!"

சிலுப்பி தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல கிழங்கையும் கொடுத்து, வாங்க வருகிறவர்களையும் விரட்டியிருக்கிறாள்!

சந்தைக்கு ஓடினாள். மயிலைத் தள்ளிவிட்டு நூலைப் பிடித்தாள்.

"கிழங்குக்காரி சிலுப்பி பேசறேன்! மயில் கத்தினது மழைக்கு இல்லை, என் முட்டாள்தனத்துக்கு! ஆனா இப்போ நிஜமாவே மேகம் கட்டுது. மழை விழுந்தா மண் சேறாகும், தோண்ட முடியாது. குட்டி வச்சிருக்கிறவங்க இப்பவே வந்து அள்ளிக்கிட்டுப் போங்க. பேரம் பேசத் தைரியம் இருந்தா பேசுங்க!"

நூல் அசையவே இல்லை. பச்சோந்தி கேலியாகச் சிரித்தது. "அய்யோ பாவம்! ஓர் இழுப்புகூட இல்லையே!"

அதற்குள் புதர் விலகியது. கரடி வந்தது. பின்னால் காட்டுப்பன்றிக் கூட்டம். அதன் பின்னால் குரங்குகள்.

"ஒரு தேனடைக்கு இவ்வளவுதானா?" என்றது கரடி.

"உன் அடையில பாதி மெழுகு! இந்தா, இன்னும் ரெண்டு. அதுக்கு மேல கேட்டா முள்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கிழங்குக் குவியல் கரைந்தது. சிலுப்பி பச்சோந்தியைத் திரும்பிப் பார்த்தாள். "இழுப்பு எங்கேன்னு கேட்டியே! எல்லார் கையிலேயும் கிழங்கு இருக்கு. நூலை இழுக்க எந்தக் கை சும்மா இருக்கு?"

கடைசிக் கிழங்கைப் பன்றிக்குட்டி கவ்விக்கொண்டு ஓடவும், முதல் துளி மருத மரத்தில் விழவும் சரியாக இருந்தது. துடைத்துவிட்டது போலிருந்த தன் இடத்தில் சிலுப்பி காலை நீட்டி உட்கார்ந்தாள். நனைந்துபோன நரி கெஞ்சியது. "அக்கா, ஓரமா ஒதுங்கிக்கட்டுமா?"

"ஒதுங்கிக்கோ. ஆனா அளக்காதே!"

அடுத்த ஆண்டு நிபுணர்கள் மறுபடி கூடினார்கள். பச்சோந்தி இம்முறை முள்ளம்பன்றி நிறத்தில் எழுந்து அறிவித்தது: "சொந்தக் குரல்தான் இந்த ஆண்டின் போக்கு!"

அதைக் கேட்க சிலுப்பி அங்கே இல்லை. கரடியோடு பேரத்தில் இருந்தாள்.

கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பவனைவிட, தன்னிடம் வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று தெரிந்தவனே வியாபாரத்தில் ஜெயிப்பான்.