பட்டாணித் தோட்டத்து ஸ்வெட்டர்

"பொம்மைக்கு மாட்டியிருக்கான், அம்மா!"

மடத்துக்குள் நுழைந்ததும் பொன்னுரங்கம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மடத்துத் துறவி தெய்வானை அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வயதில் பொன்னுரங்கத்தைவிட மிகவும் இளையவர். ஆனாலும், மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதர் மனசு சரியில்லை என்றால் அவரிடம்தான் வருவார்.

"எந்தப் பொம்மைக்கு?"

"சோளக்கொல்லை பொம்மைக்கு. சூசைராஜோட பட்டாணித் தோட்டத்துல நிக்குது. தலையில ஓட்டைச் சட்டி. உடம்புல நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்!"

சூசைராஜ் அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

"கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு நர்ஸம்மாகிட்ட பின்னக் கத்துக்கிட்டேன். முதல்ல அவனுக்குத்தான் பின்னினேன். ஒரு கை நீளமாப் போச்சு, பிரிச்சேன். கழுத்து தலைக்குள்ள நுழையல, பிரிச்சேன். நடுவுல ஒரு கண்ணி நழுவினது முதுகு முழுக்க முடிச்ச பிறகுதான் கண்ணுல பட்டுச்சு. அதையும் பிரிச்சேன். ஸ்டியரிங் பிடிச்ச கை அம்மா இது. விரல் மரத்துப்போய் சோத்தைப் பிசைய முடியாமக் கிடந்தேன்."

அம்மா பாத்திரத்தைத் திருப்பி வைத்துத் தேய்த்தார்.

"இவன் மட்டும் இல்ல. டீக்கடை ரத்தினத்துக்குக் குல்லா பின்னிக் கொடுத்தேன். அதை வெச்சுக் கொதிக்கிற சட்டியைப் பிடிச்சு இறக்குறான்!"

அம்மாவின் தலை பாத்திரத்துக்குள் குனிந்தது. தோள் லேசாகக் குலுங்கியது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல. அந்த ஸ்வெட்டர் இப்ப எங்க?"

பொன்னுரங்கம் கையிலிருந்த துணிப்பையைத் தலைகீழாக உதறினார். பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று கல்லின்மேல் விழுந்தது. அதில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"கழட்டிக் கொண்டுவந்துட்டேன்."

"இது யாரோடது?"

"நான் பின்னினது."

"யார் பின்னினதுன்னு கேக்கல."

"அவனுக்குக் கொடுத்தது."

"அப்போ, அவர் தோட்டத்துல புகுந்து அவர் பொருளைத் திருடிட்டு வந்திருக்கீங்க."

பொன்னுரங்கத்தின் காது மடல்கள் சிவந்தன.

"திருட்டா? நானா?"

"கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"மாட்டேன்."

அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

*

சூசைராஜ் தோட்டத்தில்தான் இருந்தார். துணி இழந்து வெறும் குச்சியாக நின்ற பொம்மைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"நீதான் எடுத்திருப்பேன்னு தெரியும்" என்றார்.

"இந்தா, உன் பொருள்."

பொன்னுரங்கம் நீட்டினார். சூசைராஜ் கைப்பகுதியைப் பிடித்தார். பொன்னுரங்கம் கழுத்துப் பட்டையை விடவில்லை.

"இந்தக் கழுத்தைப் பாருடா. எத்தனை தடவை பிரிச்சுப் பின்னினதுன்னு தெரியுமா?"

"விடு."

"முதல்ல பாருடா!"

"பாத்துட்டேன்டா! பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு!"

சூசைராஜ் அவ்வளவு சத்தமாகப் பேசிப் பொன்னுரங்கம் கேட்டதில்லை. பஸ்ஸில்கூட விசில்தான் ஊதுவார்.

"கொடுத்த அன்னைக்கு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மறுநாளே ஏன் போடலன்னு கேட்ட. சித்திரை வெயில்ல, என் மக கல்யாணத்துல, இதைப் போட்டுக்கிட்டு நிக்கச் சொன்ன. நின்னேன். கோயில் வாசல்ல ஃபாதர் முன்னாடி என் கையைத் தூக்கி அக்குள் தையலைக் காட்டின. காட்டிக்கிட்டு நின்னேன். உன் வண்டிச் சத்தம் கேட்டா, குளிச்சுக்கிட்டு இருந்தாலும் ஓடிவந்து மாட்டிக்குவேன். அரிக்கும். பல்லைக் கடிச்சுக்குவேன்."

"பிடிக்கலன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எங்க சொல்ல விட்ட? இது என் ஸ்வெட்டர் இல்லடா. உன் ஸ்வெட்டர். என்மேல காயப் போட்டிருந்த."

இருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பளி நீண்டது.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து பின்னிக்கிட்டு இருந்தப்போ எப்படி இருந்த! காலுல கட்டு, கையில ஊசி, வாய் ஓயாமச் சிரிப்பு. தினமும் வந்து உன் பக்கத்துல உக்காந்திருந்தேனே, எதுக்குன்னு நினைச்ச? ஸ்வெட்டருக்கா? கொடுத்து முடிச்ச பிறகுதான்டா உன்னைச் சனியன் பிடிச்சுது!"

பொன்னுரங்கம் ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினார். பையில் திணித்தார். பட்டாணிக் கொடியை மிதித்துக்கொண்டே நடந்தார்.

*

"வாங்க மாட்டேன்னுட்டான்" என்றார் அம்மாவிடம்.

"அப்படியா சொன்னார்?"

பொன்னுரங்கம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"விடுன்னு சொன்னான்."

அம்மா வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

*

சூசைராஜ் மிதிபட்ட கொடிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் பேசாமல் ஸ்வெட்டரை நீட்டினார்.

சூசைராஜ் நிமிர்ந்து பார்த்தார். அதன் ஒரு நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை. காத்திருந்தார்.

பொன்னுரங்கம் கையை எடுத்தார்.

சூசைராஜ் ஸ்வெட்டரை உதறினார். நேராகப் பொம்மையிடம் போனார். பொன்னுரங்கத்தின் கண் முன்னாலேயே குச்சிக் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தார். வயிற்றுக்குள் வைக்கோலைத் திணித்தார். தோள் கோணிக்கொண்டு நின்றது.

அந்தத் தோளுக்காக மட்டும் பொன்னுரங்கம் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறார். சரிசெய்யக் கை நீண்டது. அதை இழுத்து வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

சூசைராஜ் திரும்பி அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

*

அடுத்த முறை மடத்துக்கு வந்தபோது பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கொடுத்துட்டேன், அம்மா."

"என்ன செஞ்சார்?"

"மறுபடியும் பொம்மைக்குத்தான் மாட்டினான்."

"கோபம் வந்துச்சா?"

"வராம இருக்குமா? ரெண்டு அறை விடலாம்னு இருந்துச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் டீ போட்டுக் கொடுத்தான். அதைக் குடிக்கிறப்போகூட அடங்கல."

"அப்புறம்?"

"இன்னொரு டீ குடிச்சோம்."