விடைக்குறிப்பில் இல்லாத தேரி

செந்தேரிவிளை அரசு உயர்நிலைப் பள்ளியில் சுயம்புலிங்கம் சார் சமூக அறிவியல் நடத்திவந்தார். அவர் படித்தது வரலாறு. புவியியல் அவர் தலையில் கட்டப்பட்டது.

வரலாறு என்றால் மனிதர் வெளுத்துக்கட்டுவார். பானிபட் போரை அவர் நடத்தும்போது கடைசி பெஞ்சுப் பையன்கூட யானைக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்காருவான். புவியியல் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவருக்குக் கைகொடுத்தவை குமுதவல்லி டீச்சரின் பாடத்தொகுப்புகள். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிற அந்த டீச்சர், ஒவ்வொரு புவியியல் பாடத்துக்கும் படக்காட்சி, பயிற்சித்தாள், வினாத்தாள், விடைக்குறிப்பு எல்லாவற்றையும் தானே தயாரித்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுவார். இறக்கிக்கொண்டு புரொஜெக்டரில் காட்ட வேண்டியதுதான் பாக்கி. சுயம்புலிங்கம் சார் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தன் போனில் அவருடைய எண்ணைக் ‘குரு’ என்றுதான் பதிந்துவைத்திருந்தார். விளையாட்டுக்கு அல்ல, மனசாரத்தான்.

ஆடி மாதத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் காற்றின் செயல்கள் பாடம் வந்தது. சார் தொகுப்பை இறக்கினார், படம் காட்டினார், விடைகளைச் சொல்லி எழுதவைத்தார், மறுநாள் தேர்வும் வைத்தார். ஏழாவது கேள்வி இது: ‘உங்கள் பகுதியில் இயற்கை உருவாக்கிய நிலத்தோற்றம் ஒன்றைக் குறிப்பிடுக.’ இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் ‘சஹாரா மணற்குன்றுகள்’ என்று இருந்தது.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தோரு பேர் தங்கள் பகுதியில் சஹாரா இருப்பதாக எழுதினார்கள். முப்பத்தோரு பேருக்கும் முழு மார்க் கிடைத்தது.

ஜெபஷீலா மட்டும் ‘எங்கள் ஊர்த் தேரி’ என்று எழுதி, அது எப்படி உண்டானது என்று நாலு வரி சேர்த்திருந்தாள். தேரி என்பது அந்த ஊருக்கு மேற்கே மைல்கணக்கில் கிடக்கிற செம்மணல் மேடு. பள்ளியின் பின்சுவரைத் தாண்டினால் அதுதான். ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அதில் உருண்டு வளர்ந்தது. சார் குடியிருக்கிற வீட்டு வாசலிலும் தினமும் ஒரு முறம் தேரி மணல் சேரும்.

விடைக்குறிப்பில் தேரி இல்லை. சார் சிவப்புப் பேனாவால் தப்பு போட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போய்வருகிறவர். அந்த முகாமில் விடைக்குறிப்பு சொன்னதுதான் சட்டம். அதில் இல்லாத ஒன்றுக்கு அரை மார்க் போட்டாலும் மேலே இருப்பவர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அப்படியே பழகிப்போன கை அது.

ஜெபஷீலா அழவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

கேள்வி கேட்டே வாத்தியார் உயிரை எடுக்கிற பிள்ளை அது. அசோகர் மரம் நட்டார் என்றால், தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்று கேட்பாள். அவள் பத்து நாளாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை சார் கவனித்தார். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் விடைக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் என்ன தப்பு என்று பிடிபடவில்லை.

கடைசியில் குருவுக்கே எழுதினார். “மதிப்பிற்குரிய மேடம், ஏழாவது வினாவுக்கு மாணவி ஒருவர் தேரி என விடையளித்துள்ளார். விடைக்குறிப்பில் தேரி இல்லை. மதிப்பெண் வழங்கலாமா?”

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது. “சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளி உண்டா சார்? நான் வருகிறேன்.”

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘ஆம்’ ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு மலையிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறாரா? தலைமையாசிரியரிடம் சொல்லி வகுப்பறையைக் கழுவிவிட்டார். கரும்பலகைக்குக் கறுப்பு பூசினார். சனிக்கிழமை காலை சலவைச் சட்டையோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெரியம்மாவை சார் தேடிக்கொண்டிருந்தார். முதுகில் பை மாட்டிய ஒரு பெண் அவர் முன்னால் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

“சுயம்புலிங்கம் சாருங்களா?”

“ஆமா. நீங்க?”

“குமுதவல்லிங்க.”

சாருக்கு வயது ஐம்பத்தொன்று. கும்பிடப் போன கை நடுவழியில் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் நன்றாகவே கும்பிட்டார். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று பஸ் மாறி மாறி வந்த களைப்பு அந்த அம்மாவின் முகத்தில் கொஞ்சமும் இல்லை. சர்க்கஸ் பார்க்க வந்த பிள்ளைபோல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார்.

போகும் வழியிலேயே சார் கேட்டுவிட்டார், தேரிக்கு மார்க் போடலாமா கூடாதா என்று. முதலில் வகுப்பைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் குமுதவல்லி.

வகுப்புக்கு வந்ததும் குரு பாடம் நடத்துவார் என்று சார் நினைத்திருந்தார். குருவோ நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் ஜெபஷீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே நடத்துங்கள் என்று கையைக் காட்டினார்.

சார் ஜன்னல்களையெல்லாம் இறுகச் சாத்தினார். கதவைச் சாத்தி அடியில் ஒரு சாக்கைச் செருகினார். புரொஜெக்டரைப் போட்டார். சஹாரா வந்தது. ஒரு சொல் பிசகாமல் நடத்தினார். ஒன்பதாவது படத்துக்கு வந்ததும், காற்று வீசும் பக்கம் மென்சரிவு, எதிர்ப்பக்கம் வன்சரிவு என்று அவர் சொல்ல, பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். நடுநடுவே கைக்குட்டையை எடுத்து லேப்டாப்பைத் துடைத்தார், புரொஜெக்டரைத் துடைத்தார், தன் முகத்தையும் துடைத்தார். வெளியே ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியது.

குமுதவல்லி தன் மேசைமேல் விரலை ஓட்டினார். விரல் சிவந்தது.

“சார், இது என்னங்க?”

சாருக்கு வெட்கமாகிவிட்டது. “மன்னிக்கணும் மேடம். காலையிலதான் கழுவி விட்டோம். காத்துல தேரி மணல் எல்லாம் உள்ள வந்துருது. அதுக்குத்தான் ஜன்னலைச் சாத்துனேன். இந்தச் சனியன் பாடம் நடத்த விடாது.”

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரையில் காற்று சஹாராவின் மணலைக் குவித்துக்கொண்டிருந்தது.

குமுதவல்லி சிரிக்கவில்லை. கையிலிருந்த மணலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். இது வருகிற இடத்துக்குப் போகலாமா என்று கேட்டார்.

“இப்பவா? பாடம் பாதியில நிக்குதே மேடம்.”

“நான் பார்த்ததே இல்லைங்க.”

“எதை?”

“மணற்குன்றைத்தான். எங்க ஊர்ல மணல்னா லாரியில வரும், வீடு கட்ட. குவிச்சு வெச்சா ரெண்டு நாளைக்குக் குழந்தைங்க ஏறி விளையாடும். அவ்வளவுதாங்க நான் பார்த்தது.”

சார் திகைத்துப்போனார். “அப்ப இந்தப் பாடத்தை எப்படித் தயாரிச்சீங்க?”

“பார்க்காததனாலதான் இத்தனை படம் தேடிப் போட்டேன்.”

தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முப்பத்திரண்டு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் பின்சுவர் வாசல் வழியாக வெளியே போனார்கள். தேரி எதிரே சிவந்து நிமிர்ந்து நின்றது. குமுதவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினார். நாலு எட்டு ஏறியிருப்பார். முழங்கால் வரை புதைந்தது. இன்னொரு காலை எடுத்து வைத்தார், அதுவும் புதைந்தது. ஏறியதைவிட அதிகமாகச் சறுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவித்தார்கள்.

“டீச்சர், இப்படி ஏறக் கூடாது” என்றது ஒரு குரல். “சுத்திக்கிட்டு அங்கிட்டு வாங்க. அந்தப் பக்கம் கால் புதையாது.”

ஜெபஷீலாதான். இரண்டு வாரமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டதும் சார் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

குமுதவல்லி மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். “ஏன் அந்தப் பக்கம் புதையாது?”

“காத்து மேக்க இருந்துதான அடிக்கும். மணலை அந்தப் பக்கமா உருட்டிக்கிட்டே மேல ஏத்தும். அமுக்கி அமுக்கி ஏத்துறதால கெட்டியா, சாய்வா இருக்கும். உச்சிக்கு வந்ததும் இந்தப் பக்கம் பொலபொலன்னு கொட்டிரும். அதான் இங்க செங்குத்து. நாங்க ஏறுறது அங்கிட்டு, சறுக்குறது இங்கிட்டு.”

குமுதவல்லி பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மறுபடி கேட்டார், மறுபடி எழுதினார். மற்ற பிள்ளைகளும் சும்மா இருப்பார்களா? போன வருடம் இந்த மேடு அந்த வேலிக்கு அப்பால் இருந்தது என்றான் ஒருவன். தன் தாத்தாவின் கிணற்றைத் தேரி விழுங்கிவிட்டது என்றாள் இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு பக்கமாகக் குருவின் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

சுயம்புலிங்கம் சார் தனியாக நின்றார். மென்சரிவு, வன்சரிவு. ஒன்பதாவது படம். எத்தனை தடவை வாசித்திருக்கிறார். இத்தனை வருடமும் இதே மணலில் நடந்து வேலைக்கு வந்த கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

குமுதவல்லி அவர் பக்கத்தில் வந்தார். “ஏழாவது கேள்விக்கு ஆறாவது கேள்வியோட விடையையே அவசரத்துல ஒட்டிட்டேங்க சார். நாப்பதாயிரம் பேர் இறக்கியிருக்காங்க. கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“நானும் தப்புன்னு கேக்கலியே மேடம். தேரிக்கு அனுமதிதான கேட்டேன்.”

“ஆமாங்க. அதுக்குத்தான் வந்தேன். மார்க் போடலாமான்னு இப்ப நான்…”

“வேண்டாம் மேடம்” என்றார் சார். “நீங்க சொல்ல வேண்டாம்.”

அவர் மேட்டின் பாதி வரை ஏறினார். நல்ல பக்கமாகத்தான் ஏறினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி, வரலாறு நடத்துகிற குரலில் கூப்பிட்டார்.

“ஜெபஷீலா, உன் பதில் சரி. நான் திருத்துனதுதான் தப்பு.”

“தெரியும் சார்” என்றாள் அவள்.

அவள் விடவில்லை. “சார், நம்ம மணல் ஏன் செவப்பா இருக்கு? சஹாரா படத்துல மஞ்சளாத்தான இருந்துச்சு?”

“தெரியலியேம்மா” என்றார் சார். வாத்தியார் வேலைக்கு வந்த நாள் முதல் இவ்வளவு சந்தோஷமாக அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. திங்கட்கிழமைக்குள் இருவரும் தேடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குருவை வழியனுப்ப சார் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசில் ஒரு யோசனையும் வந்திருந்தது. தேரியின் படங்களையும், பிள்ளைகள் சொன்னதையும், எல்லாவற்றையும் தொகுப்பில் சேர்த்துவிடச் சொன்னார். சஹாராவைத் தூக்கிவிட்டுத் தேரியைப் போட்டால் நாற்பதாயிரம் ஆசிரியர்களுக்கும் ஒரே நாளில் சரியான பாடம் போய்ச் சேர்ந்துவிடுமே என்றார்.

“ஏழாவது கேள்விக்கு விடைக்குறிப்புலயும் தேரின்னே போட்டுருங்க மேடம்.”

பஸ் வந்துவிட்டது. குமுதவல்லி படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

“போட்டுடறேங்க சார். அடுத்த வருஷம் கோத்தகிரியில முப்பத்தோரு பிள்ளைங்க எங்க ஊர்ல தேரி இருக்குதுன்னு எழுதும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மண்சரிவுன்னு எழுதும். அதுக்கு மார்க் போடலாமான்னு அங்க ஒரு டீச்சர் உங்களுக்கு மெசேஜ் அனுப்பினா, நீங்க மூணு பஸ் மாறி வருவீங்களா?”