துள்ளாறு சுற்றிப் போன வழி

ஆறும் நண்டும் மனிதரோடு சரிக்குச் சரியாக வாய் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், துள்ளாறு நூல் பிடித்தாற்போல நேராக ஓடினாள். மேற்கே மலையில் பிறப்பாள். கிழக்கே மருதப்பேரி என்ற பெரிய ஏரியில் போய் விழுவாள். இடையில் ஒரு வளைவு கிடையாது, நெளிவு கிடையாது. ஆள் சின்னவள்தான். கோடையில் வெறும் மணலாகக் கிடப்பாள். ஆனால் மலையில் மழை இறங்கிவிட்டால் தலைதெறிக்க ஓடி வருவாள்.

மருதப்பேரியோ இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாத ஏரி. துள்ளாறு அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

"கொஞ்சம் மெதுவாகத்தான் வாயேன்டி. முகமெல்லாம் சேறு" என்று ஏரி ஒவ்வொரு மழைக்கும் சொல்லிப் பார்ப்பாள்.

"மெதுவாக வர எனக்குத் தெரியாது பெரியம்மா" என்பாள் துள்ளாறு. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஒரு வருடம் கோடை முடிகிற வழியாக இல்லை. மருதப்பேரி வற்றி வற்றி, நடுவில் ஒரு குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டாள். மிச்சமிருந்த மீன்களெல்லாம் அந்தக் குட்டைக்குள் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு கிடந்தன. சுற்றி நின்ற கொக்குகளுக்கு இரை தேட நடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"இன்றைக்காவது வருவாளா?" என்று அயிரை மீன்கள் கேட்டன.

"வருவாள்" என்றாள் ஏரி. அவள் குரலே இறங்கிப்போயிருந்தது.

அதே கோடையில், ஆற்றின் மணலில் பேச்சிமுத்து என்பவனும் அவன் மனைவி ஆவுடையும் வெள்ளரி போட்டிருந்தார்கள். ஊற்று தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. காவலுக்கு வசதியாக ஆற்றின் நடுவிலேயே ஒரு ஓலைக்குடிசை. ஆவுடைக்கு நிறைமாதம். பிள்ளை பிறப்பதற்குள் வெள்ளரியைப் பறித்துக்கொண்டு தெற்கே இருக்கும் ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார்கள். பிள்ளை வேறு மாதிரி நினைத்தது. ஒரு நடுப்பகலில் ஆவுடைக்கு வலி எடுத்தது. பேச்சிமுத்து அவளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, மருத்துவச்சியைக் கூட்டி வர ஊருக்கு ஓடினான்.

அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் மலை கறுத்தது. அங்கே கொட்டிய மழை முழுவதையும் வாரிக்கொண்டு துள்ளாறு கிளம்பிவிட்டாள். சருகையும் சுள்ளியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, "பெரியம்மா, இதோ வந்துவிட்டேன்" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

குடிசைக்குச் சற்று முன்னால், கோடைக்காற்று குவித்திருந்த மணல்மேடு ஒன்று அவளை மறித்தது. அதன் பின்னால் தேங்கி, எழும்பி, எட்டிப் பார்த்தாள். எதிரே கூரை தெரிந்தது.

"என் வழியில் வீடு கட்டியிருப்பது யார்?"

"நான் ஆவுடை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெள்ளரி போட்டவள்."

"எழுந்து கரைக்குப் போ. தண்ணீர் வந்துவிட்டது."

"எழுந்திருக்க முடிந்தால் உன்னோடு பேசிக்கொண்டா இருப்பேன்? பிள்ளை பிறக்கப்போகிறது."

"பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லேன்" என்றாள் துள்ளாறு.

"நீ கொஞ்சம் பொறேன்."

"என்னால் நிற்க முடியாது, ஆவுடை. பின்னால் மலைத் தண்ணீர் முழுவதும் தள்ளுகிறது. அங்கே ஏரியில் மீன்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்."

ஆவுடைக்கு ஒரு வலி வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: "உன் வழியில் வந்து படுத்தது என் தப்புதான். ஆனால் இந்த நிலையில் நான் எங்கே போவேன்? நீயே சொல்லு தாயி."

துள்ளாறு சுற்றிலும் பார்த்தாள். வடக்கே முழுப்பாறை. தெற்கே உயரமான களிமண் கரை. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. அந்த வழியில்தான் குடிசை இருந்தது.

அப்போது தெற்குக் கரையிலிருந்த ஒரு பொந்திலிருந்து கிழட்டு நண்டு ஒன்று வெளியே வந்தது. கொடுக்கன் என்று அதற்குப் பெயர். அந்த நாளில் நண்டுகள் நம்மைப் போல முகம் பார்த்த திசையில் நேராகத்தான் நடக்கும்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றது கொடுக்கன்.

"கரை இருக்கிறதே."

"வெளியிலிருந்து பார்த்தால்தான் கரை. உள்ளே முழுக்க எங்கள் வளைகள். ஒரு முட்டு முட்டினால் விழுந்துவிடும்."

"அப்புறம் உங்கள் வீடு?"

கொடுக்கன் பதில் சொல்வதற்குள் பொந்துக்குள்ளிருந்து அதன் மனைவி, "யாரைக் கேட்டு வீட்டைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டது.

"அங்கே ஒருத்தி பிள்ளை பெறப் படுத்திருக்கிறாள்."

உடனே பொந்துக்குள், "பிள்ளைகளா, எல்லாரும் வெளியே வாருங்கள்" என்று அது கூப்பிடுவது கேட்டது.

இதற்குள் மணல்மேடு கரையத் தொடங்கியிருந்தது. விரல் அளவுக்கு ஒரு நீரோட்டம் கீழே இறங்கி, குடிசைக்குள் புகுந்து, ஆவுடையின் குதிகாலைத் தொட்டது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள்.

துள்ளாறு திரும்பினாள். அதுவரை திரும்பியறியாத உடம்பு. இடுப்பே ஒடிந்துவிடும் போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரையை முட்டினாள். கரை பொலபொலவென்று சரிந்தது. குடிசைக்குள் போன நீரோட்டம் அப்படியே மணலில் சுவறியது.

"இனி எங்கே போவது? எனக்கு இந்த நிலமே தெரியாதே" என்றாள் ஆறு.

"என் பின்னால் வா" என்று கொடுக்கன் முன்னால் நடந்தது. இரண்டடி போவதற்குள் அதன் முதுகில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆற்றைப் பார்த்தால் வழி தெரியவில்லை. வழியைப் பார்த்தால் ஆறு மேலே வந்துவிடுகிறாள். கடைசியில் உடம்பைக் குறுக்கே திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணை வழியிலும் ஒரு கண்ணை ஆற்றிலும் வைத்து, பக்கவாட்டில் நடந்தது. பின்னால் வந்த மனைவியும் பிள்ளைகளும் அப்படியே நடந்தன. அது நன்றாகவே பழகிப்போனதால் பிறகு எந்த நண்டும் பழைய நடைக்குத் திரும்பவில்லை.

இசக்கி என்ற மருத்துவச்சியோடு திரும்பி வந்த பேச்சிமுத்து, வழியில் ஒரு ஆறு ஓடுவதைக் கண்டு திகைத்து நின்றான்.

"நான் போகும்போது இங்கே ஆறு இல்லையே" என்றான்.

"உன் வீட்டுக்கு வழி தெரியாமலா என்னைக் கூட்டி வந்தாய்?" என்றாள் இசக்கி.

துள்ளாறு அவர்களைப் பார்த்தாள். அந்த இடத்தில் வயல்வெளி மீது பாய் விரித்தது போலப் பரந்து கொடுத்தாள். முழங்கால் அளவுதான் தண்ணீர். இசக்கி சேலையைச் சொருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே கடந்து போனாள்.

ஏரியை நெருங்கும்போது நண்டுகளுக்குள் சண்டை வந்துவிட்டது. கொடுக்கன் ஒரு பக்கம் போகலாம் என்றது. மனைவி இன்னொரு பக்கம் என்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகக் கலைந்து ஓடின. யார் பின்னால் போவதென்று தெரியாமல் துள்ளாறு எல்லார் பின்னாலும் போனாள். பல கிளையாகப் பிரிந்ததில் அவள் வேகமெல்லாம் அடங்கியது. தூக்கி வந்த சேற்றையும் மணலையும் வழி நெடுக இறக்கி வைத்துவிட்டு, சலசலவென்று ஏரிக்குள் இறங்கினாள்.

மருதப்பேரி திடுக்கிட்டாள். எப்போதும் முகத்தில் அறையும் வெள்ளத்துக்குத் தயாராக இருந்தவள், பல பக்கத்திலிருந்தும் தெளிந்த தண்ணீர் வந்து தொட்டதும், "யார் அது?" என்று கேட்டாள்.

"நான்தான் பெரியம்மா. கொஞ்சம் சுற்றி வந்தேன். மீன்கள் எப்படி இருக்கின்றன?"

"இரண்டு கெண்டைகள் மயங்கிக் கிடந்தன. இப்போதுதான் வாலை ஆட்டுகின்றன. ஏன்டி இவ்வளவு நேரம்?"

தூரத்தில், மணல்மேட்டுப் பக்கமிருந்து, பச்சைப்பிள்ளை ஒன்று வீறிட்டு அழும் சத்தம் வந்தது.

"அதோ, அதற்காகத்தான்" என்றாள் துள்ளாறு.

ஏரி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "நல்ல தொண்டை" என்றாள். மற்றபடி அவள் கோபிக்கவில்லை.

மறுவருடம் மழை வந்தபோது துள்ளாறு அந்த மணல்மேட்டருகே வந்து நின்றாள். பழைய வழி அப்படியேதான் இருந்தது. லேசாகத் தள்ளினால் போதும், நேராக ஓடிவிடலாம். எட்டிப் பார்த்தாள். ஓலைக்குடிசை மண்சுவர் வைத்த வீடாகியிருந்தது. வாசலில் ஒரு பெண்குழந்தை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. ஆவுடை நிமிர்ந்து பார்த்து, "வந்துவிட்டாயா? வெள்ளரிக்காய் வேண்டுமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும், பெரியம்மா காத்திருப்பாள்" என்று சொல்லிவிட்டு, துள்ளாறு தானாகவே தெற்கே திரும்பினாள். இந்தத் தடவை இடுப்பு வலிக்கவில்லை.

அன்று முதல்தான் துள்ளாறு ஆவுடைத்திட்டு என்று பெயர் பெற்ற அந்த மணல் திட்டைச் சுற்றி வளைந்து, கை விரல்களைப் போலப் பல கிளையாகப் பிரிந்து, ஓட்டத்தை விட்டு நடையாகவே மருதப்பேரிக்குள் போய்ச் சேருகிறாள்.