பிஸ்கட் வாத்தியாரும் மகாராணியும்

"அம்மா, இந்த ஊர்க்காரர்களுக்குக் கருணையே கிடையாது" என்றார் தாண்டவமூர்த்தி வாத்தியார்.

சிலம்பாயி அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்படியா?"

"நாய்களுக்கெல்லாம் விஷச் சோறு வைக்கப் போறாங்களாம். பஞ்சாயத்துல பேச்சு ஓடுது. வர்ற சந்தை நாளுக்குள்ள தெருவுல ஒரு நாய் இருக்கக் கூடாதாம்."

"ஏனாம்?"

"டீக்கடை மொக்கராசு மகளை ஒண்ணு கடிச்சிருச்சு. நாயின்னா எப்பவாவது கடிக்கத்தான் செய்யும். அதுக்காகக் கொல்லுறதா?"

"எந்த நாய் கடிச்சுது?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராணி."

அவர்கள் இருந்த மடம் ஊரோரத்துப் பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, சிலம்பாயி அம்மா, நாலைந்து சீடர்கள். சீடர்களில் மூத்தவர் தாண்டவமூர்த்தி வாத்தியார். வயதில் அம்மாவுக்கே மூத்தவர். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு, தான் எதையுமே படிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

"என்ன படிக்கணும்?" என்று அம்மா கேட்டார்.

"கருணை" என்றார் வாத்தியார்.

"பார்க்கலாம்" என்றார் அம்மா. அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பொறுத்துப் பார்த்த வாத்தியார் தானாகவே ஆரம்பித்துவிட்டார். விடியலில் கண்ணை மூடிக் கருணையைத் தியானிப்பார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நாய்களுக்குப் பிஸ்கட் போடுவார். நாய்கள் அவர் தோளில் காலைப் போடும். முகத்தை நக்கும். மடியில் ஏறும். அந்த நேரத்தில் தான் கொஞ்சம் கொஞ்சமாக ஞானியாகிக்கொண்டு வருவதாக அவருக்குத் தோன்றும். மந்திரி, சிப்பாய், மகாராணி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருந்தார். ஊர் பதிலுக்கு அவருக்குப் பிஸ்கட் வாத்தியார் என்று பெயர் வைத்தது.

"நீங்க வந்து ஊர்க்காரங்களுக்கு நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும்மா" என்றார் இப்போது.

"வர்றேன். டாக்டரம்மாவையும் கூட்டிட்டுப் போவோம்."

"எந்த டாக்டரம்மா?"

"கால்நடை ஆஸ்பத்திரி ஷகிலா பானு. நாய்களுக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டா, இந்தத் தொல்லை தீரும்."

வாத்தியார் எழுந்தே விட்டார்.

"என்னம்மா சொல்றீங்க! ஒரு தாய்கிட்ட இருந்து தாய்மையைப் பறிக்கிறதா? வாயில்லா ஜீவன்! அது பாவம் இல்லையா?"

அம்மா உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக் காலையில தியானத்துக்கு உட்கார வேண்டாம். இதோட ரோட்டுக்கு வந்திருங்க."

வாத்தியாருக்கு உள்ளுக்குள் குதூகலம். மண்வெட்டி என்றால் ஏதோ தத்துவம் இருக்கும். அகங்காரத்தை வெட்டுவது, ஆசையை வேரோடு கெல்லுவது, அப்படி ஏதாவது. யோசித்துக்கொண்டே படுத்தார்.

காலையில் ரோட்டோரம் அம்மா நின்றிருந்தார். கல் குவாரி லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயின.

அம்மாவின் காலடியில் ஒரு செவலைக் குட்டி கிடந்தது. லாரிச் சக்கரம் ஏறியிருந்தது. மகாராணி அதை நக்கிக்கொண்டிருந்தது.

"மகாராணி" என்று கூப்பிட்டார் வாத்தியார்.

அது நிமிர்ந்து பார்த்தது. வால் ஒரு தடவை ஆடியது. மறுபடியும் குனிந்து நக்கத் தொடங்கியது. விலா எலும்பை எண்ணிவிடலாம்போல இருந்தது. மடிக்காம்புகள் வற்றித் தொங்கின.

"மத்த குட்டிங்க?" என்று கேட்டார்.

"இதுதான் கடைசி. இதை மொக்கராசு மகள் தூக்கப் போனப்பதான் கடிச்சிருக்கு."

வாத்தியார் குழி வெட்டினார். சாக்பீஸ் பிடித்த கை. நாலு வெட்டிலேயே கொப்புளம் கண்டது. குட்டியைப் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பக்கத்தில் பார்த்தார். சின்னச் சின்ன மேடுகள். சிலவற்றில் மண் ஈரம் காயவில்லை. சிலவற்றில் புல் முளைத்திருந்தது.

"இதெல்லாம்?"

"மகாராணி இந்தத் தடவை போட்ட குட்டிங்க. அந்தப் பக்கம் போன தடவை போட்டது. வேலி ஓரமா இருக்கறது மத்த நாய்ங்களோடது."

"இதையெல்லாம் யாரும்மா புதைச்சாங்க?"

அம்மா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"எப்போ?"

"விடியக்காலையில. நீங்க தியானத்துல இருப்பீங்க."

வாத்தியார் மேடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கேட்டார்:

"அந்த டாக்டரம்மா எப்ப வருவாங்க?"

பஞ்சாயத்துக் கூட்டத்தில் தலைவர் பேச்சிமுத்து ஒரே பிடிவாதமாக இருந்தார். மொக்கராசு அவருக்கு மேல். மகளை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

"ஆபரேஷன் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை" என்றார் பேச்சிமுத்து. "பண்ணிட்டு எங்கேயாவது கொண்டுபோய் விட்டுருங்க."

"புடிச்ச இடத்துலயேதான் விடணும்" என்றார் டாக்டர் ஷகிலா பானு. "வெறிநாய்க்கடி ஊசியும் போட்டுத்தான் விடுவோம். குட்டி இல்லைன்னா இதுங்க இவ்வளவு மூர்க்கமா இருக்காது."

"திரும்ப இங்கேயேவா? நல்ல கதையா இருக்கே!"

"இங்க நாய் இல்லைன்னு தெரிஞ்சா பக்கத்து ஊர் நாய் வந்து உட்கார்ந்துக்கும் சார்."

கூட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊரோடு அவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீரில் தீராத வழக்கு.

"பக்கத்து ஊர் நாயா?" என்றார் பேச்சிமுத்து.

"ஆமா."

"அவனுங்க நாய்க்கு நம்ம ஊர்ல எடமா? அதுக்கு நம்ம நாயே தேவலை!"

நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வந்த சிலம்பாயி அம்மாவுக்கு வாயைத் திறக்க வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் சந்தை நாளுக்குள் எல்லா நாயையும் பிடித்து முடிக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் விஷச் சோறுதான் என்று மொக்கராசு கறாராகச் சொல்லிவிட்டார்.

வலைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மந்திரி சீக்கிரம் அகப்பட்டது. சிப்பாய், பெயருக்குப் பொருத்தமில்லாமல், வலையைப் பார்த்ததும் தானாகவே படுத்துக்கொண்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக மாட்டின. மகாராணி மட்டும் சிக்கவில்லை. வலைக்காரர்கள் தெருவில் நுழைந்தால் அது கூரை மேல் இருந்தது. கூரைக்கு ஏணி போட்டால் கரட்டு மேல் இருந்தது. சந்தைக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

"அது ஒரே ஒரு ஆளுகிட்டதான் வரும்" என்றார் மூச்சு வாங்கிய வலைக்காரர்.

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் அம்மாவைப் பார்த்தார்.

"என்னை நம்பி வர்ற ஜீவனை நானே புடிச்சுக் கொடுக்கிறதா?"

"வேற யாரை நம்பி வருது?" என்று கேட்டார் அம்மா.

வாத்தியார் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். பின்னால் பயணிகள் மாதிரி வலைக்காரர்கள் நின்றார்கள். ஆனால் பயணிகள் யாரும் இடுப்பில் வலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதில்லை.

"மகாராணி... வாடா கண்ணு."

அது வந்தது. சுற்றிலும் மோந்து பார்த்தது. சந்தேகம்தான். ஆனாலும் வந்தது. வாத்தியார் மடியில் முன்னங்கால்களைப் போட்டு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது.

வலைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஐயோ, வேண்டாம்! ஓடு!" என்று வாத்தியார் கத்திக்கொண்டே அதைக் கட்டிக்கொண்டார். ஓடச் சொன்னவர் விட்டிருக்கலாம். கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடு என்றால் அது எப்படி ஓடும்?

வலை இரண்டு பேர் மேலும் சேர்ந்து விழுந்தது.

உள்ளே ஒரே உருளல். வேட்டி எது, வால் எது என்று தெரியவில்லை. ஊரே கூடிவிட்டது. டாக்டர் மயக்க ஊசியோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

"சார், அசையாதீங்க! யார் தொடை எதுன்னு தெரியலை!"

"டாக்டரம்மா, கையோட கையா வாத்தியாருக்கும் பண்ணி விட்டுருங்க!" என்று யாரோ கூவினார்கள்.

"அவருக்கு எதுக்கு? வயசாயிருச்சு!" என்றார் பேச்சிமுத்து, ரொம்ப அக்கறையாக.

ஊசி சரியான தொடையில்தான் இறங்கியது. மகாராணியின் உடம்பு மெல்லத் தளர்ந்தது. கண் செருகும்வரை அது வாத்தியார் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. வலையை விலக்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

சமுதாயக்கூடத்தில் ஆபரேஷன் நடந்தது. வாத்தியார் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷன்மாதிரி கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். தையல் காயும்வரை எல்லா நாய்களும் அங்கேயே கூண்டில் இருந்தன. தினமும் கறிச்சோறு. வாத்தியார்தான் கொண்டுபோவார். மகாராணி அவர் போகும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அவர் போன பிறகு தட்டை நக்கிச் சுத்தமாக்கிவிடும்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட அன்று, பஸ் நிறுத்தத்தில் அவர் கையில் பிஸ்கட்டோடு காத்திருந்தார். கூண்டு திறந்தது. மகாராணி இறங்கியது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக நுனி வெட்டிய காதை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது. வாத்தியாரைப் பார்த்தது. பிஸ்கட்டைப் பார்த்தது.

ஒரே ஓட்டம்.

அடுத்த நாளும் அப்படியே. அடுத்த மாதமும் அப்படியே. அவர் வேட்டியின் நுனி தெருமுனையில் தெரிந்தால் போதும், மகாராணி இருந்த இடத்தில் புழுதிதான் இருக்கும். மந்திரியும் சிப்பாயும்கூட பிஸ்கட்டைத் தூரத்தில் போட்டால்தான் எடுத்தன.

மழைக்காலம் வந்து போனது. வாத்தியார் விடியலில் மண்வெட்டியோடு ரோட்டுக்குப் போவார். ஒன்றும் இருக்காது. திரும்பி வந்துவிடுவார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"என்னால தாங்க முடியலைம்மா."

"என்ன?"

"விஷம் வைக்கறேன்னு குதிச்சானே மொக்கராசு, அவன் கடை வாசல்லதான் மகாராணி இப்ப குடியிருக்கு. எந்தப் பிள்ளையைக் கடிச்சுதோ, அந்தப் பிள்ளை வருக்கி ரொட்டியைப் பால்ல நனைச்சு ஊட்டுது. இது அவ மடியிலேயே தலை வச்சுத் தூங்குது."

"சரி."

"வயித்தைக் கீறின டாக்டரம்மா ஜீப்புல வந்து இறங்கினா, ஓடிப்போய் வாலாட்டுது. அவங்க கத்தியை எடுத்தப்ப அது மயக்கத்துல இருந்துச்சு, அவங்க மேல அதுக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் என் தலையிலதான் விடிஞ்சிருக்கு. பாவி நான் ஒருத்தன்தான்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைக் கண்டாலே ஓடுதும்மா."

"எப்படி ஓடுது?"

"எப்படின்னா?"

"இளைக்குதா? தடுமாறுதா?"

வாத்தியார் யோசித்தார். அன்று காலையில்கூடப் பார்த்திருந்தார். ரோட்டை ஒரே தாவலில் கடந்து, வேலியைத் தாண்டி, கரட்டு மேல் ஏறி நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. உடம்பு மினுமினுவென்று இருந்தது.

"இல்லைம்மா. காத்து மாதிரி ஓடுது."

"அப்புறம் என்ன வாத்தியாரே?" என்றார் அம்மா.